பேக்கன்ஸ் காசில் வீட்டின் செங்கல் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சர்ரி கவுண்டி என்ற கிராமப்புறத்தில் ‘பேக்கன்ஸ் காசில்’ என்று ஒரு பழைய செங்கல் வீடு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் கேட்டிருக்கிறார். கூட வந்தவர் அவரிடம் இரண்டு விஷயம் சொன்னாராம். ஒன்று, அந்த வீட்டின் செங்கல் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலின் அடிப்பாரமாக வந்தது. இரண்டு, நதானியேல் பேக்கன் என்ற கலகக்காரர் தனக்காகக் கட்டிக்கொண்ட கோட்டை அது. இதெல்லாம் உண்மையா என்பதுதான் கேள்வி.

இரண்டுமே தவறு. ஆனால் ஏன் தவறு என்று பார்க்கப் போனால்தான் அந்த வீட்டின் நிஜக் கதை வெளியே வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர் விஷயம். வீட்டைக் கட்டியவர் ஆர்தர் ஆலன். இங்கிலாந்திலிருந்து 1650 வாக்கில் வந்து, ஜேம்ஸ் நதியின் தென்கரையில் நிலம் வாங்கிப் புகையிலை போட்டவர், வியாபாரி, கவுண்டியின் நீதிபதிகளில் ஒருவர். 1665இல் கட்டினார். அன்றைக்கு ஊரில் அதற்கு ‘ஆர்தர் ஆலனின் செங்கல் வீடு’ என்றுதான் பெயர். அந்தப் பெயரே நமக்கு நிறையச் சொல்கிறது. சுற்றுவட்டாரத்தில் பத்து செங்கல் வீடு இருந்திருந்தால் யாரும் அப்படி அடையாளம் சொல்ல மாட்டார்கள் இல்லையா? எல்லோரும் மரத்தில் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒருவர் மட்டும் சூளை போட்டுச் செங்கல்லில் கட்டினார், அதுவே முகவரி ஆகிவிட்டது.

‘எல்லோரும் மரத்தில்’ என்று சும்மா சொல்லிவிட முடியாது, அது எப்படிப்பட்ட மர வீடு என்று தெரிந்தால்தான் ஆலன் செய்த காரியத்தின் அளவு புரியும். அன்றைய வர்ஜீனியாவில் கல் அஸ்திவாரம் எல்லாம் கிடையாது. குழி தோண்டி, மரத்தூணை நேராக மண்ணுக்குள் நட்டு, மேலே சட்டம் போட்டு, பிளந்த பலகையால் சுவரும் கூரையும் மூடிவிடுவார்கள். மண்ணில் புதைந்த தூண் அந்த ஈரத்திலும் கரையானிலும் பத்துப் பதினைந்து வருடத்தில் அடியில் உளுத்துப்போகும். அப்புறம் ஒட்டுப்போடு, இல்லையென்றால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டு. அந்த நூற்றாண்டில் அங்கே கட்டிய வீடுகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் மண்ணோடு போயின. இன்று அகழாய்வில் கிடைப்பது தூண் இருந்த குழிகளின் கறுத்த தடம் மட்டும்தான்.

வசதி உள்ளவர்கள்கூட ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பதில் புகையிலையில் இருக்கிறது. புகையிலை மண்ணின் சத்தைச் சில வருடங்களிலேயே உறிஞ்சிவிடும், அப்புறம் புது நிலம் திருத்த வேண்டும். கையில் வரும் காசெல்லாம் இன்னும் நிலம், இன்னும் ஆள் என்றே போகும். கொசுவும் கெட்ட தண்ணீரும் கொண்டுவந்த காய்ச்சலில் ஆட்கள் இளவயதிலேயே சாவார்கள். கணவனோ மனைவியோ போய், இன்னொரு கல்யாணம், சொத்து கைமாறல் என்று ஒரு குடும்பம் ஓரிடத்தில் வேரூன்றுவதே அரிது. நாளைக்கு இங்கே இருப்போமா என்று தெரியாதவன் நூறு வருடத்துக்கு வீடு கட்ட மாட்டான். அதனால்தான் ஆலன் செங்கல்லில் கட்டியதை நான் வெறும் பணக்காரப் பகட்டாகப் பார்ப்பதில்லை. என் பிள்ளையும் பேரனும் இங்கேதான் இருப்பார்கள் என்று அந்த மனிதர் முடிவு செய்துவிட்டார்.

அரசாங்கமும் அப்போது செங்கல் செங்கல் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 1662 டிசம்பரில் வர்ஜீனியா சட்டசபை, தலைநகர் ஜேம்ஸ்டவுனில் 32 செங்கல் வீடுகள் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. ஒவ்வொன்றும் உள்ளளவில் 40 அடி நீளம், 20 அடி அகலம், 18 அடி உயரம். கூரைக்கு ஓடு அல்லது பலகைக்கல். ஒவ்வொரு கவுண்டியும் தன் பங்குக்கு ஒரு வீடு கட்டித் தர வேண்டும். இந்தத் திட்டம் எதிர்பார்த்த அளவுக்கு நடக்கவில்லை. அதே சபை, அதே மாதத்தில் இன்னொரு சட்டமும் போட்டது: ஒரு குழந்தை அடிமையா சுதந்திரப் பிறவியா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று. அதாவது அடிமைப் பெண்ணின் பிள்ளை, அப்பன் யாராக இருந்தாலும், அடிமை. நிலைத்து நிற்கும் வீட்டையும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் அடிமைத்தனத்தையும் ஒரே கூட்டத்தொடரில் எழுதிவைத்தார்கள். மூன்று வருடம் கழித்து எழுந்த ஆலன் வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு சட்டமும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

சரி, செங்கல்லுக்கு வருகிறேன். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது என்ற கதை இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் சொல்லப்படுவதில்லை, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பழைய செங்கல் வீடு எது இருந்தாலும் யாராவது ஒருவர் சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாடியும் நிலவறையும் தடித்த சுவரும் உள்ள வீட்டுக்கு லட்சக்கணக்கில் செங்கல் வேண்டும். ஒரு கல் இரண்டு கிலோவுக்கு மேல். அதைத் துறைமுகத்தில் இறக்கி, ஆற்றோரம் கொண்டுவந்து, வண்டியில் ஏற்றி வயல்வெளிக்குச் சுமக்கும் செலவுக்கு, காலடியிலேயே கிடக்கும் களிமண்ணைச் சுடுவது எவ்வளவோ மலிவு. கப்பலில் கொஞ்சம் செங்கல் வந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் வீடு கட்டுகிற அளவுக்கு அல்ல. ஜேம்ஸ்டவுனிலேயே 17ஆம் நூற்றாண்டுச் செங்கல் சூளைகளை அகழாய்வில் எடுத்திருக்கிறார்கள். பழைய ஆவணங்களில் ‘இங்கிலீஷ் செங்கல்’ என்று எழுதியிருப்பதுதான் இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம். அந்தச் சொல் அச்சின் அளவையும் வடிவத்தையும் குறித்தது, வந்த இடத்தை அல்ல.

செங்கல் அறுப்பது அந்தப் பண்ணையிலேயே நடந்திருக்கும். களிமண்ணை இலையுதிர் காலத்தில் தோண்டிப் போட்டுக் குளிர்காலம் முழுவதும் காயவும் உறையவும் விட்டு, வசந்தத்தில் தண்ணீர் விட்டு மிதித்துக் குழைத்து, மர அச்சில் அடித்து, வெயிலில் உலர்த்தி அடுக்குவார்கள். நிரந்தரச் சூளை கட்டாமல் பச்சைக் கற்களையே சூளை வடிவில் அடுக்கி, அடியில் விறகு வாய் விட்டு, இரவு பகலாக ஒரு வாரம் எரிப்பார்கள். நெருப்புக்கு மிக அருகில் இருந்த கல்லின் முகம் விறகுச் சாம்பலோடு சேர்ந்து கண்ணாடி மாதிரி உருகி நீலச் சாம்பல் நிறத்தில் மினுங்கும். இதைக் குறை என்று ஒதுக்காமல் பிற்காலக் கொத்தனார்கள் சுவரில் கோலம் போடவே பயன்படுத்தினார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது சுண்ணாம்பு. வர்ஜீனியாவின் கரையோரச் சமவெளியில் கட்டடக் கல்லும் இல்லை, சுண்ணாம்புக் கல்லும் இல்லை. ஆனால் ஆற்றிலும் வளைகுடாவிலும் சிப்பி குவிந்து கிடந்தது. அந்தச் சிப்பி ஓட்டை விறகோடு மாற்றி மாற்றி அடுக்கி எரித்து, நீற்றி, மணலோடு கலந்தால் கிளிஞ்சல் சுண்ணாம்புக் கலவை தயார். சரியாக வேகாத ஓட்டுத் துண்டுகள் கலவையில் அப்படியே நின்றுவிடும். இப்பகுதியின் பழைய சுவர்களை ஒட்டி நின்று பார்த்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாகத் தெரிவது அதுதான். செங்கல் இங்கிலாந்திலிருந்து வந்ததாக அடுத்த முறை யாராவது சொன்னால் அந்த வெள்ளைப் புள்ளிகளைக் காட்டுங்கள். அதே ஆற்றில் வாழ்ந்த சிப்பிகள் அவை.

ஆனால் வடிவம் இங்கிலாந்துடையதுதான், அதில் சந்தேகமில்லை. மேலிருந்து பார்த்தால் வீடு சிலுவை வடிவம். நடுவில் நீள்சதுரமான வீடு, ஒரு தளத்துக்கு இரண்டே அறை. முன்னால் ஒரு கோபுரம் நீட்டிக்கொண்டிருக்கிறது, அது வாசல். பின்னால் இன்னொரு கோபுரம், அதற்குள் நிலவறையிலிருந்து பரண் வரை ஏறும் படிக்கட்டு. முன்கோபுரத்தை அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண வர்ஜீனியா வீட்டில் கதவைத் திறந்தால் நேராகக் கூடத்துக்குள் நிற்பீர்கள். அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் கணக்கு வழக்கு, வேலையாட்களும் அங்கேதான். ஆலன் வீட்டில் வந்தவர் முதலில் கோபுரத்துக்குள் நின்று, பிறகு அனுமதியோடு கூடத்துக்குள் போக வேண்டும். படிக்கட்டும் தனியே இருப்பதால் மாடி அறைக்குப் போக இன்னொரு அறையைத் தாண்டிப் போக வேண்டாம். சமையல் ஆரம்பத்தில் நிலவறையில். எஜமானும் வேலையாளும் ஒரே அறையில் புழங்கிய பழக்கம் மெல்ல உடைந்து, யார் எங்கே நிற்கலாம் என்பதைச் சுவரே தீர்மானிக்க ஆரம்பித்ததை இந்த வரைபடத்தில் பார்க்கலாம்.

வெளியே நின்றால் கண்ணை இழுப்பது பக்கவாட்டுச் சுவர்கள்தான். கூரையின் சரிவோடு முக்கோணமாக முடியாமல், கூரைக்கு மேலே எழுந்து, வளைவும் படியுமாக மாறி மாறி இறங்குகின்றன. ஹாலந்து, ஃபிளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களுக்குப் போன பழக்கம் இது. ஒவ்வொரு பக்கச் சுவரின் உச்சியிலும் மூன்று மூன்றாகப் புகைபோக்கிகள். அவற்றை நேராக வைக்காமல் மூலைவாட்டில் திருப்பி வைத்திருக்கிறார்கள், அதனால் வெயில் நகர நகர அவற்றின் நிழலும் விளிம்பும் மாறிக்கொண்டே இருக்கும். சுவர் அடுக்கு முறை இங்கிலீஷ் பாண்ட்: ஒரு வரி முழுக்க நீளவாக்குக் கல், அடுத்த வரி முழுக்கக் குறுக்குக் கல். ஒரே வரியில் இரண்டையும் மாற்றி மாற்றி வைக்கும் ஃபிளெமிஷ் பாண்ட் வர்ஜீனியாவின் பெரிய வீடுகளில் பிறகுதான் பரவலானது.

இந்தப் பாணிக்கு ஜேக்கபியன் என்று பெயர், அதாவது முதலாம் ஜேம்ஸ் அரசர் காலத்துப் பாணி. அவர் இறந்தது 1625இல். ஆலன் கட்டிய 1665இல் லண்டனில் இது பழைய மோஸ்தர், அடுத்த வருடமே பெருந்தீயில் லண்டனின் பெரும்பகுதி எரிந்து வேறு மாதிரி நகரம் எழ ஆரம்பித்துவிட்டது. ஊரை விட்டுப் போனவர்கள் தாங்கள் புறப்பட்ட காலத்து ஊரையே மனதில் வைத்திருப்பார்கள், வீடு கட்டும்போது அது வெளியே வரும். இந்த வகையில் மேற்கு அரைக்கோளத்தில் இன்று நிற்பவை மூன்றே வீடுகள் என்பார்கள். மற்ற இரண்டும் பார்படோஸ் தீவில் இருக்கின்றன: டிராக்ஸ் ஹால், செயின்ட் நிக்கோலஸ் ஆபி. அங்கே கரும்பு, இங்கே புகையிலை. மூன்றுக்கும் அடியில் பிறர் உழைப்புதான்.

1665 என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்கலாம். மர வளையம் எண்ணித்தான். உத்தரத்தில் பென்சில் தடிமனுக்குத் துளையிட்டுச் சிறு தண்டு மாதிரி மரத்தை எடுப்பார்கள். மழை நன்றாகப் பெய்த வருடம் வளையம் அகலமாக இருக்கும், வறண்ட வருடம் ஒடுங்கியிருக்கும். அந்த வரிசையை அப்பகுதியின் பழைய மரங்களின் வரிசையோடு பொருத்தினால், பட்டையை ஒட்டிய கடைசி வளையம் மரம் வெட்டிய வருடத்தைக் காட்டிவிடும். அக்காலத்தில் தச்சர்கள் மரத்தை வருடக்கணக்கில் உலர வைக்காமல் பச்சையாகவே இழைத்துப் போட்டதால், வெட்டிய வருடமும் கட்டிய வருடமும் கிட்டத்தட்ட ஒன்று. இதே முறையில் சில வீடுகள் வயது குறைந்து போயின. வர்ஜீனியா பீச்சில் உள்ள ஆடம் தரோகுட் வீட்டை 1636 என்று வெகுகாலம் நம்பினார்கள், சோதித்தபோது 1719 வாக்கில் கட்டியது என்று வந்தது. தரோகுட் 1640இலேயே இறந்துவிட்டார்! ஆலன் வீடோ சோதனையில் நின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கட்டிய வருடம் உறுதியாகத் தெரிந்த செங்கல் குடியிருப்பு வீடுகளில் மிகப் பழையது என்று அதைச் சொல்வது இந்த ஆதாரத்தில்தான்.

இப்போது பேக்கன். ஆர்தர் ஆலன் 1669இல் இறந்தார், வீடு மகன் மேஜர் ஆர்தர் ஆலனுக்கு வந்தது. நதானியேல் பேக்கன் 1674இல் இங்கிலாந்திலிருந்து வந்த பணக்கார இளைஞர், ஆளுநர் வில்லியம் பெர்க்லிக்கு மனைவி வழியில் உறவு. எல்லையில் பூர்வகுடிகளோடு நடந்த மோதலில் ஆளுநர் போதுமான அளவு அடிக்கவில்லை என்று அவருக்குக் கோபம். தானே படை திரட்டிப் போய்த் தாக்கினார், அதில் நட்பாக இருந்த ஒக்கனீச்சி மக்களும் பாமங்கி மக்களும் அகப்பட்டார்கள். இந்தப் பகுதியை மறைத்துவிட்டு அவரைச் சுதந்திர வீரராகக் காட்டும் எழுத்துகள் உண்டு, அவற்றை நான் ஏற்பதில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் சேர்ந்த கூட்டத்துக்கு வேறு குறைகளும் இருந்தன: வரி, புகையிலை விலை வீழ்ச்சி, ஆளுநரின் நண்பர்களுக்கே போகும் பதவிகள். ஏழைக் குடியானவர்களும் ஒப்பந்த வேலையாட்களும் கறுப்பின அடிமைகளும் ஒரே பக்கம் நின்றார்கள்.

1676 செப்டம்பர் 19இல் பேக்கனின் ஆட்கள் ஜேம்ஸ்டவுனை எரித்தார்கள். அதே நாட்களில், நதிக்கு இந்தப் பக்கம், வில்லியம் ரூக்கிங்ஸ் தலைமையில் சுமார் 70 பேர் ஆலன் வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மேஜர் ஆலன் ஆளுநரின் ஆள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இவ்வளவு நேரம் நாம் பேசிய விஷயமே: பலகை வீட்டைத் தீ வைத்தே காலி செய்துவிடலாம், தடித்த செங்கல் சுவர் உள்ள வீட்டுக்குள் உட்கார்ந்தவனை அப்படி வெளியேற்ற முடியாது. சந்ததிக்கென்று ஆலன் கட்டிய வலுவே எதிரிக்குக் கோட்டையாகப் போனது. ஆடு மாடு, தானியம், மது என்று இருந்ததையெல்லாம் தின்று தீர்த்தார்கள். அக்டோபர் 26இல் பேக்கன் ஆற்றுக்கு வடக்கே, க்ளாஸ்டர் கவுண்டியில் இரத்தபேதியில் இறந்துபோனார். வயது முப்பதுகூட ஆகவில்லை. தலைவர் போனபின் கலகம் கலைய, டிசம்பர் கடைசியில் இந்த வீட்டில் இருந்தவர்களும் விட்டுவிட்டு ஓடினார்கள். மேஜர் ஆலன் திரும்பி வந்து, நஷ்டத்துக்காக வழக்குப் போட்டு, பின்னாளில் சட்டசபையின் சபாநாயகராகவும் ஆனார்.

இதில் எங்கேயும் பேக்கன் இந்த வீட்டுக்குள் கால் வைத்ததற்கு ஆதாரம் கிடையாது. ‘பேக்கன்ஸ் காசில்’ என்ற பெயர் வெகுகாலம் கழித்து ஒட்டிக்கொண்டது. மூன்று மாதம் தங்கிய கூட்டத்தின் தலைவர் பெயர் நிலைத்துவிட்டது, 1840கள் வரை வைத்திருந்த குடும்பத்தின் பெயர் போய்விட்டது.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டில் கூடத்தைத் தடுத்து நடுவில் நடை ஒன்று உண்டாக்கினார்கள், பழைய சிறு கண்ணாடிச் சன்னல்கள் போய் ஏற்றி இறக்கும் சன்னல்கள் வந்தன. 1840களில் ஹான்கின்ஸ் குடும்பம் வாங்கியது, அடுத்த பத்தாண்டில் பக்கத்திலேயே ஒரு புதுப்பகுதி கட்டி வாசலை அங்கே மாற்றியது. உள்நாட்டுப் போருக்குப் பின் அவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1880இல் வாரன் குடும்பத்துக்குப் போய், 1973இல் வர்ஜீனியாவின் பாரம்பரியப் பாதுகாப்புச் சங்கத்தின் கைக்கு வந்தது. 1980களில் உழுத வயலுக்கு அடியில் 17ஆம் நூற்றாண்டுத் தோட்டம் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். ஒன்றரை ஏக்கருக்கும் மேல், ஆறு பெரிய பாத்திகள், நடுவே வெள்ளை மணல் பாதைகள். நூற்றாண்டுக் கணக்கில் மேலே ஏர் ஓடியும் அடியில் அந்தப் பாதைகளின் கோடு அழியவில்லை.

அந்த வளாகத்திலேயே 1829இல் கட்டிய அடிமைகளின் குடியிருப்பு ஒன்றும் நிற்கிறது. நிறையப் பேர் வளைவுச் சுவரைப் படம் எடுத்துவிட்டு அந்தப் பக்கம் போகாமலே திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது ரொம்ப வருத்தமான விஷயம். இந்த வீடு இருநூறு வருடம் நின்றதற்குச் செலவு கொடுத்தவர்கள் அங்கேதான் படுத்து எழுந்தார்கள். அந்த வயல்களில் புகையிலை கிள்ளியதும், பிற்காலத்தில் தானியம் அறுத்ததும் அவர்கள் கை.

நீங்கள் மறுபடி போவதாக இருந்தால் ஜேம்ஸ்டவுன் பக்கமிருந்து படகில் வாருங்கள். காரோடு ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் படகு, காசு கிடையாது. தாழ்ந்த கரையும் அகன்ற ஆறும் பார்த்துக்கொண்டே வந்தால் ஆலன் எந்த இடத்தில் என்ன துணிச்சலில் சூளை போட்டார் என்பது தானாகப் புரியும். வீட்டின் முன்கோபுரத்துக்கு நேராக நில்லுங்கள். இப்போது அங்கே இருப்பது சன்னல். அதற்கு மேலே சுவரில், பழைய வாசலை அலங்கரித்த முக்கோண வடிவத்தின் தடம் மங்கலாகத் தெரியும். 1676இல் அந்த 70 பேரும் உள்ளே போன கதவு இருந்த இடம் அது. அங்கிருந்து அடிமைக் குடியிருப்புக்கு நடக்கும் தூரம்தான்.